திறந்துகொள்ளும் வாய்

ஸ்கூட்டியில் போய்க்கொண்டிருக்கும்போதே நித்திரையாகிப் போனேன் என்று சொன்னபோது முதலில் ஒருவரும் நம்பவில்லை. புதுக்குடியிருப்புப் பக்கம் ஒரு வீட்டில் பச்சைக் குழந்தையைப் பார்த்துவிட்டு, மத்தியானம் வயல்வெளி ஊடாகத் திரும்பி வந்துகொண்டிருந்தேன். அடுத்து எனக்கு நினைவிருப்பது வாய் நிறைந்த வாய்க்கால் தண்ணீர். சேறும், அழுகின புல்லும், மருந்தடித்த வயலின் நாற்றமும் சேர்ந்த தண்ணீர். வயலில் நின்ற இரண்டு பேர் ஓடிவந்து தூக்கினார்கள். அதில் ஒருவர் சொன்னார்:

"மிஸ்ஸி, நாங்கள் கத்திக் கத்திக் கூப்பிட்டனாங்கள். நீங்கள் வாயைப் பிளந்துகொண்டு நேரா வாய்க்காலுக்கை போறியள்."

நான் குடும்பநல உத்தியோகத்தர். கர்ப்பிணித் தாய்மாரையும் பிறந்த குழந்தைகளையும் வீடு வீடாகப் போய்ப் பார்ப்பது என் வேலை. ஊரில் எல்லோருக்கும் மிஸ்ஸி. ஐம்பத்துமூன்று வயது வரைக்கும் எனக்கு அருவருப்பு என்று ஒன்று இருந்ததாக ஞாபகம் இல்லை. இரத்தம், பனிக்குடத் தண்ணீர், குழந்தையின் கறுப்பு மலம், சீழ் வைத்த மார்பு, எல்லாவற்றையும் வெறுங்கையால் தொட்டிருக்கிறேன். தொட்ட கையைக் கழுவிவிட்டு அதே வீட்டில் தேத்தண்ணீர் வாங்கிக் குடித்திருக்கிறேன். அவையெல்லாம் மற்றவர்களின் உடம்பிலிருந்து வந்தவை என்பதை அப்போது யோசிக்கவில்லை.

வாய்க்காலில் விழுந்த பிறகுதான் யாழ்ப்பாணத்துக்குப் போய்க் காட்டினேன். ஓர் இரவு முழுக்க உடம்பெல்லாம் வயர் ஒட்டிப் படுக்க வைத்தார்கள். நித்திரையில் என் தொண்டை மூடிக்கொள்கிறது, மூச்சு நின்று நின்று வருகிறது, அதனால்தான் பகலில் விழுந்து விழுந்து தூங்குகிறேன் என்றார் டொக்டர். மருந்து கிடையாது. இரவு முழுக்கக் காற்றை ஊதித் தொண்டையைத் திறந்து வைத்திருக்கும் ஒரு மெஷின் வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் என் தம்பி அதை வாங்கி அனுப்பினான். சப்பாத்துப் பெட்டி அளவு. அதிலிருந்து யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு குழாய், குழாயின் நுனியில் மூக்கை மட்டும் மூடும் ரப்பர் மாஸ்க்.

யாழ்ப்பாணக் கிளினிக்கில் இருந்த இளம் பிள்ளை அதை என் தலையில் மாட்டிக் காட்டினாள்.

"அம்மா, வாயை மூடிக்கொண்டு படுங்கோ. வாய் திறந்தால் காத்து வெளியாலை போயிடும். பிறகு பிரயோசனம் இல்லை."

"நித்திரையிலை வாய் திறக்கிறது எனக்கு எப்பிடித் தெரியும் பிள்ளை?"

அவள் பட்டியை இன்னும் கொஞ்சம் இறுக்கினாள். "பழகிடும் அம்மா," என்றாள்.

பழகவில்லை. முதல் நாள் விடியக் கண் விழித்தபோது என் நாக்கு மேலண்ணத்தோடு ஒட்டிக்கிடந்தது. விரலை விட்டுத்தான் பிரித்தேன். இரவு முழுக்க மூக்கால் உள்ளே போன காற்று வாயால் வெளியே ஓடி, வாயிலிருந்த ஈரத்தையெல்லாம் உறிஞ்சிக்கொண்டு போயிருந்தது. நாக்கில் தடித்த மஞ்சள் படை. மேலண்ணத்தில் தோல் மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினால் பாலாடை போலச் சுருண்டு வந்தது. அதை விரலில் வைத்து வெளிச்சத்தில் பார்த்தேன். பார்க்காமல் விட்டிருக்கலாம். உள்ளே வறண்டு கிடந்த வாய், வெளியே எப்படியோ வீணீர் வடித்து நாடி, கழுத்து, தலையணை எல்லாவற்றையும் நனைத்திருந்தது. தலையணையை முகர்ந்தேன். மூன்று நாள் மூடி வைத்த பழஞ்சோற்றுப் பானையைத் திறந்தால் அடிக்கும் மணம். என்னிலிருந்துதான் அது வந்தது.

சத்தம் வேறு. காற்று கன்னங்களை ஊதிப் பெருக்கி, உதடுகளுக்கு நடுவால் பிய்த்துக்கொண்டு வெளியேறும். என் வீட்டுக்காரர் முதல் இரண்டு நாள் சிரித்தார்.

"எருமை தண்ணிக்கை மூச்சு விட்ட மாதிரிக் கிடக்கு," என்றார்.

மூன்றாம் நாள் சிரிக்கவில்லை. அவர் என் பக்கம் திரும்பிப் படுத்தால் அந்தக் காற்று நேராக அவர் முகத்தில் அடிக்கும். அவர் வயலும் நாலு மாடும் வைத்திருக்கிற மனிதர். சாணியும் மூத்திரமும் அவருக்கு ஒரு பொருட்டில்லை. ஒரு காலை, தேத்தண்ணீர் குடித்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார்:

"குறை நினையாதையும். நான் கொஞ்ச நாளைக்கு ஹோலிலை படுக்கிறன்."

"மணக்குதோ?"

அவர் கோப்பைக்குள் பார்த்தார். "நித்திரை குழம்புது," என்றார்.

அவர் பொய் சொல்லத் தெரியாதவர். தன் பாயைத் தூக்கிக்கொண்டு போனார். எனக்குக் கோபம் வரவில்லை. என்னாலும் முடிந்திருந்தால் என் வாயை விட்டு எழும்பிப் போய் ஹோலில் படுத்திருப்பேன்.

மெஷினுக்குள் ஒரு சின்னத் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. காற்றை ஈரமாக்குவதற்கு. எங்கள் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். கொதித்தாறிய நீரைத்தான் ஊற்றினேன். ஆனாலும் சில நாட்களில் அடியில் வெள்ளைப் பொருக்குப் பிடித்தது. பொருக்கின் மேல் வழுவழுப்பான ஒரு படலம், மீனின் செதிலுக்கு மேல் இருக்கிற மாதிரி. வேலைக் களைப்பில் இரண்டு வாரம் குழாயைக் கழுவாமல் விட்டுவிட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை கழற்றி வெயிலில் பிடித்துப் பார்த்தேன். உள்ளே மடிப்பு மடிப்பாக ஓடும் வளையங்களுக்கு நடுவில் கறுப்புப் புள்ளிகள். பூஞ்சணம். ஊதிப் பார்த்தால் பாசி பிடித்த குளத்தின் மணம் வந்தது. இதன் ஊடாகத்தான் இரவுகளில் மூச்சு விட்டிருக்கிறேன். மாமரத்தடியில் குந்தியிருந்து, காலையில் சாப்பிட்ட இடியப்பம் முழுவதையும் வாந்தியெடுத்தேன். அதற்குப் பிறகு மாஸ்க்கைக் கையில் எடுத்தாலே குமட்டியது. ஒரு தடவை பாயோரம் வைத்த மாஸ்க்கின் உள்விளிம்பில் சிற்றெறும்புகள் வரிசையாக நின்றன. காய்ந்த வீணீரைத் தின்ன வந்தவை.

பகலில் இன்னொரு கேடு. விழுங்கிய காற்றெல்லாம் வயிற்றில் நிற்கும். நான் வேலை செய்யும் கர்ப்பிணிக் கிளினிக்கில் தாய்மாருக்கு முன்னால் ஏப்பம் ஏப்பமாக வரும். வாயைப் பொத்தினால் மூக்கால் வரும். வயிறு ஆறுமாதம் மாதிரி ஊதியிருந்தது. கர்ப்பிணி ஒருத்தி அதைப் பார்த்துவிட்டுக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள்.

அந்த நாட்களில் ஒரு வீட்டுக்குப் போனேன். முதல் பிள்ளை பெற்ற பெண். பால் கசிந்து சட்டை நனைந்து புளித்து மணக்கிறது, கீழே துணி மாற்றி மாற்றி அலுத்துப்போச்சு என்று அழுதாள். "எனக்கு என்னையே தொடப் பிடிக்கேல்லை மிஸ்ஸி, அருவருப்பாக் கிடக்கு," என்றாள். வழக்கமாக இப்படிச் சொல்பவர்களை நான் அதட்டுவேன். இது உடம்பு, இதிலென்ன அருவருப்பு என்பேன். அன்றைக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. "ஓம் பிள்ளை, அருவருப்பாத்தான் இருக்கும்," என்றேன். அவள் அழுகையை நிறுத்திவிட்டு என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள். அவளுக்குத் தண்ணீர் சுடவைத்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

கிளினிக் பிள்ளைக்குப் போன் எடுத்து, காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டரை வாயில் ஒட்டலாமா என்று கேட்டேன். "சிலபேர் ஒட்டுகினம் அம்மா. ஆனா மூக்கு அடைப்பு இருந்தால் ஒட்டக்கூடாது. டொக்டரைக் கேளுங்கோ," என்றாள். நான் டொக்டரைக் கேட்கவில்லை. மூக்கு அடைப்பா என்று என்னையும் கேட்கவில்லை. மேல் உதட்டிலிருந்து நாடி வரைக்கும் இரண்டு துண்டு ஒட்டிக்கொண்டு படுத்தேன். எவ்வளவு நேரம் போனதோ தெரியாது, யாரோ என்னை நீருக்குள் அமுக்கிப் பிடித்திருப்பது போல முழித்தேன். மூக்கு முழுக்க அடைத்திருந்தது. வாயைத் திறக்க முடியவில்லை. பிளாஸ்டரைப் பிய்த்து எறிந்தபோது மேலுதட்டின் தோலும் மயிரும் கூடவே வந்தன. அடுத்த நாள் உதட்டுக்கு மேல் சிவந்து, நீர் கசிந்து, பொருக்குக் கட்டியது. கிளினிக்கில் ஒவ்வொரு தாயும் கேட்டாள், "மிஸ்ஸி, வாயிலை என்ன?" வெந்நீர் பட்டுவிட்டது என்றேன்.

பிறகுதான் நாடியைக் கட்டும் யோசனை வந்தது. வாய் திறக்காமல் இருக்க நாடியைத் தூக்கிக் கட்டும் பட்டி ஒன்று விற்கிறார்கள் என்று தம்பி சொன்னான். அது வந்து சேரும் வரைக்கும் ஏன் காத்திருக்க வேண்டும் என்று, பழைய வெள்ளைப் பருத்திச் சீலையில் அகலமாக ஒரு துண்டு கிழித்து, மடித்துத் தைத்தேன். நாடிக்குக் கீழால் எடுத்து இரண்டு கன்னத்தையும் மூடி உச்சந்தலையில் முடிச்சுப் போடலாம். இரவில் பரிசோதிக்கப் பயமாக இருந்தது. பகலில் கொஞ்ச நேரம் மாஸ்க்கைப் போட்டுப் பழகுங்கோ என்று யாழ்ப்பாணக் கிளினிக்கிலும் சொல்லியிருந்தார்கள். அதனால் ஒரு சனிக்கிழமை, சமைத்து முடித்துவிட்டு, ஹோலில் பாயைப் போட்டு, நாடியைக் கட்டி, மாஸ்க்கை மாட்டி, மெஷினைப் போட்டுவிட்டு மல்லாந்து படுத்தேன். கைகளை வயிற்றின் மேல் கோத்துக்கொண்டேன். வாய் திறக்கவில்லை. அப்படியே நித்திரையாகிவிட்டேன். நடுவில் மின்சாரம் நின்றுவிட்டது. மூச்சு முட்டியதில் அரைத்தூக்கத்திலேயே மாஸ்க்கை மட்டும் கழற்றிவிட்டுத் திரும்பவும் படுத்திருக்கிறேன். நாடிக்கட்டு அப்படியே இருந்தது.

பக்கத்து வீட்டுப் பெண் தன் பேரப்பிள்ளைக்குக் காய்ச்சல் என்று கேட்க வந்திருக்கிறாள். வாசலில் நின்று எட்டிப் பார்த்தவள் கண்டது: வெள்ளைத் துணியால் நாடி கட்டப்பட்டு, கை கோத்து, மல்லாந்து அசையாமல் கிடக்கும் மிஸ்ஸி.

"ஐயோ! மிஸ்ஸி செத்துப்போட்டா! ஓடி வாங்கோ, மிஸ்ஸி போட்டா!"

அந்தச் சத்தத்தில்தான் நான் எழும்பினேன். நான் எழும்பியதைக் கண்டு அவள் இன்னும் கூடக் கத்தினாள். மாட்டுக் கொட்டிலிலிருந்து என் வீட்டுக்காரர் சாணிக் கையோடு ஓடிவந்தார். நான் முடிச்சை அவிழ்க்க முடியாமல், வாயைத் திறந்து பேசவும் முடியாமல், "ம்ம், ம்ம்" என்று கையை ஆட்டினேன். பக்கத்து வீட்டுப் பெண் நெஞ்சில் கைவைத்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினாள். அவர் சிரிக்கவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அதைக் கழட்டும்," என்றார். "இப்ப கழட்டும்."

நான் தடுமாறுவதைப் பார்த்து அவரே வந்து, சாணி ஒட்டிய கையாலேயே முடிச்சைப் பிய்த்தார். என் தலைமயிரும் கன்னமும் சாணியாகின. துணியைச் சுருட்டிக்கொண்டு போய் எருக்கும்பியில் எறிந்துவிட்டுக் கிணற்றடியில் போய்க் குந்தியிருந்தார். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு மருந்து சொல்லி அனுப்பிவிட்டு நானும் போனேன்.

அவருடைய தாய் கடைசிச் சண்டைக் காலத்தில், கடற்கரையோரம் பங்கருக்குள் இறந்துபோனார் என்பது எனக்குத் தெரியும். எங்களுக்குக் கலியாணம் நடந்தது அதற்குப் பிறகுதான். அவர் அதைப் பற்றி அந்த ஒரு வசனத்துக்கு மேல் சொன்னதில்லை. அன்றைக்குத் தண்ணீரைப் பார்த்தபடி சொன்னார்.

"அம்மான்ரை வாய் மூடேல்லை. திறந்தபடி கிடந்தது. நான் உடுத்திருந்த சாரத்தைக் கிழிச்சு நாடியைக் கட்டினனான். கட்டக் கட்ட இளகுது. இலையான் மொய்ச்சு உள்ளுக்கை போகுது. நான் கையாலை பொத்திக்கொண்டு இருந்தனான். வெளியாலை செல் விழுந்து வெடிக்குது. எடுத்துக்கொண்டு போகவும் ஏலாது. விடிய மட்டும் பொத்திக்கொண்டு இருந்தனான்." கையில் காய்ந்த சாணியைச் சுரண்டினார். பிறகு சொன்னார்: "எனக்கு அப்ப அருவருப்பு வந்தது. பெத்த தாயிலை. அதைத்தான் என்னாலை மறக்க ஏலாமக் கிடக்கு."

கன்னத்தில் சாணி காய்ந்து இழுத்தது. அவர் வாளியைக் கிணற்றில் விட்டுத் தண்ணீர் அள்ளி என் கையில் ஊற்றினார். நான் முகத்தைக் கழுவினேன்.

"உம்மடை வாய் மணக்குது எண்டுதான் நான் வெளியாலை வந்து படுத்தனான்," என்றார். "அது உண்மை. ஆனா வாயைக் கட்டிப் போடாதையும். வேறை ஏதும் வழி இருக்கும். நாளையிண்டைக்கு யாழ்ப்பாணம் போவம். நானும் வாறன்."

வந்தார். பிறகு நடந்தது முழுக்க அவர் கேட்ட ஒரு கேள்வியால்தான். நான் டொக்டரிடம் மாஸ்க், பிளாஸ்டர், குழாய் என்று சொல்லிக்கொண்டே போனேன். என் வீட்டுக்காரர் பின்னால் நின்று கேட்டார்:

"டொக்டர், இவா பகலிலையும் வாயாலைதான் மூச்சு விடுறவா. அதுக்கு என்ன?"

டொக்டர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் அப்போதும் வாயைத் திறந்துகொண்டுதான் இருந்தேன். உடனே காது, மூக்கு, தொண்டை பார்க்கும் டொக்டரிடம் அனுப்பினார். அவர் மூக்குக்குள் லைட் அடித்துப் பார்த்துவிட்டு, உள்ளே நடுச்சுவர் ஒரு பக்கமாக வளைந்திருக்கிறது, மற்றப் பக்கம் வீங்கிக் கிடக்கிறது என்றார். "மூக்கு அடைச்சா வாய் திறக்கத்தான் செய்யும். வாயிலை பிழை இல்லை." பிளாஸ்டர் ஒட்டின கதையைக் கேட்டுவிட்டு நன்றாக ஏசினார். மூக்குக்கு அடிக்கும் ஸ்பிரே ஒன்றும், உப்புத் தண்ணீரால் மூக்கைக் கழுவும் முறையும் சொல்லித் தந்தார். கிளினிக் பிள்ளை, மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் பெரிய மாஸ்க் ஒன்றைப் போட்டுக் காட்டினாள். வாய் திறந்தாலும் காற்று வெளியே போகாது.

இதெல்லாம் முதலிலேயே செய்திருக்கலாம். செய்யவில்லை. எத்தனையோ வீடுகளுக்குப் போய் உடம்பைப் பற்றி உபதேசம் பண்ணுகிறவளுக்குத் தன் மூக்கு எப்போதும் அடைத்தே இருப்பது தெரியாது.

மூக்குக் கழுவுவது பற்றிச் சொல்லாமல் விடலாம் என்று நினைத்தேன், ஆனால் அருவருப்பில் அதுதான் உச்சம். கொதித்தாறிய தண்ணீரில் உப்புக் கரைத்து, தலையைச் சரித்து, ஒரு மூக்குத்துவாரத்தால் விட்டால் மற்றதால் வடிய வேண்டும். முதல் நாள் ஒன்றும் வடியவில்லை. இரண்டாம் நாள் நூல் மாதிரி ஒழுகியது. பிறகொரு காலை, கிணற்றடியில் குனிந்து நின்றபோது உள்ளே ஏதோ கழன்றது. பச்சையும் கறுப்புமாக, சூடடிப்புக் காலத்துத் தூசியெல்லாம் சேர்ந்து இறுகின ஒரு கட்டி, நீளமாக இழுபட்டு வந்து கல்லில் விழுந்தது. வால் முளைத்த நத்தை மாதிரி. கோழி ஒன்று ஓடிவந்து அதைக் கொத்திக்கொண்டு போனது. நான் அந்தக் கோழியைப் பிறகு சாப்பிடவே இல்லை. அது முட்டையிட்டாலும் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடுவேன்.

ஆனால் அன்றைக்கு மூக்கால் மூச்சு இழுத்தேன். வேப்பமரத்து மணமும், கொட்டிலின் மணமும், என் சட்டையில் ஒட்டியிருந்த சவர்க்கார மணமும் தனித்தனியாக உள்ளே வந்தன.

பெரிய மாஸ்க் வேலை செய்கிறது. வடிவைப் பற்றிக் கேட்கக் கூடாது. பன்றி முகம். விடிய எழும்பினால் அதன் அடியில் ஒரு கரண்டி வீணீர் தேங்கி நிற்கும். தலையைச் சரிக்க மறந்தால் கழுத்தால் வழிந்து சட்டைக்குள் போகும். ஒவ்வொரு காலையும் அதைக் கொண்டுபோய்க் கொட்டி, குழந்தைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிக் கொடியில் தொங்கவிடுகிறேன். ஒவ்வொரு காலையும் குமட்டுகிறது. பழகிவிட்டது என்று சொன்னால் பொய். இப்போது வாந்தி வருவதில்லை, அவ்வளவுதான். என் வீட்டுக்காரர் பாயைத் திரும்பவும் அறைக்குள் கொண்டுவந்துவிட்டார். நான் படுக்கும்போது மாஸ்க்கின் பட்டிகளை அவர்தான் பின்னால் இழுத்துப் பூட்டுகிறார். இறுக்கமோ என்று இரண்டு தடவை கேட்பார்.

போன மாதம் யாழ்ப்பாணத்துக்குத் தனியாகப் போய்க் காட்டிவிட்டு பஸ்ஸில் திரும்பினேன். மெஷின் நன்றாக வேலை செய்கிறது என்றார்கள். பரந்தன் தாண்டினதும் எப்போதும் தூங்கிப் போகிறவள் நான். அன்றைக்குத் தூங்கவில்லை. ஜன்னலால் வயல்களையும், புதிதாகப் பூச்சுப் பூசின வீடுகளையும், கடை வாசல்களில் தொங்கும் வாழைக்குலைகளையும் பார்த்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் என்னைவிட இளமையான ஒரு பெண். அவள் ஏறி இருந்ததிலிருந்து நித்திரை. தலை மெல்ல என் தோளில் சரிந்தது. வாய் திறந்தது. தொண்டைக்குள் குறட்டை இழுபட்டு, நின்று, பிறகு திடுக்கென்று வந்தது. என் சீலையின் தோள்பக்கம் சூடாக நனைந்தது.

முதலில் வந்தது அருவருப்புத்தான். தோளை உதறப் பார்த்தேன். உதறாமல், கையால் மெதுவாகத் தட்டி எழுப்பினேன்.

"தங்கச்சி, ராவிலை குறட்டை விடுறனீங்களோ? மூச்சு நிக்கிற மாதிரி இருக்கு. ஒருக்காப் போய் டொக்டரிட்டைக் காட்டுங்கோ."

அவள் வாயைத் துடைத்துக்கொண்டு என் ஈரத் தோளைப் பார்த்தாள். வெட்கத்தில் முகம் கறுத்தது.

"எனக்கு ஒண்டும் இல்லை. வேலைக் களைப்பு," என்றாள். எழும்பிப் போய் முன்னால் ஒரு கதிரையில் இருந்துகொண்டாள்.

கொஞ்சத் தூரம் போனதும் அவளுடைய தலை மறுபடியும் சரிந்தது. நான் கைலேஞ்சியை எடுத்துத் தோளைத் துடைத்தேன். நன்றாக அழுத்தித் துடைத்தேன். பிறகு கைலேஞ்சியை என்ன செய்வது என்று தெரியாமல், புதுக்குடியிருப்பு வரும் வரைக்கும் இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு இருந்தேன்.